மருந்துத் தடிப்பு: எந்தச் சோதனை, யாருக்கு, எப்போது?

மாத்திரை சாப்பிட்ட பிறகு உடம்பில் தடிப்பு வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி, "என்ன டெஸ்ட் எடுக்கலாம்?" என்பதுதான். ரத்தம் கொடுக்கலாம், முதுகில் மருந்தை ஒட்டிப் பார்க்கலாம், தோலில் ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பலாம், அதே மாத்திரையை மருத்துவமனையில் வைத்து மறுபடி கொடுத்தும் பார்க்கலாம். நான்கும் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. ஒரு வகை ஒவ்வாமையில் துல்லியமாகப் பதில் சொல்லும் சோதனை, வேறு வகையில் ஒன்றுமே காட்டாது; இன்னும் ஒரு வகையில் ஆளையே ஆபத்தில் தள்ளிவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் இரண்டு தேதிகளில் இருக்கிறது: மருந்து தொடங்கிய தேதி, தடிப்பு தோன்றிய தேதி. இந்த இரண்டும் தெரியாமல் எடுக்கும் சோதனைகளில் பாதி வீண் என்பது என் கருத்து.

ஒப்பிட்டுப் பார்க்க நேரமே இல்லாத நிலைமைகளும் உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தோல் அரிப்பதைவிட வலிக்கிறது, எரிகிறது. வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வருகிறது. கருஞ்சிவப்புத் திட்டுகளின் மேல் கொப்புளம் எழும்புகிறது, அல்லது விரலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் நழுவுகிறது. காய்ச்சலோடு முகம் உப்புகிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட அன்றே மருத்துவமனை. மூச்சு இழுத்தாலோ மயக்கம் வந்து விழுந்தாலோ தேவைப்படுவது தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பது அதற்கு ஈடாகாது. மற்றதெல்லாம் அப்புறம்.

கோடு போட்டுப் பாருங்கள்

ஒரு தாளில், சாப்பிட்ட ஒவ்வொரு மருந்துக்கும் தொடங்கிய நாளிலிருந்து நிறுத்திய நாள் வரை ஒரு கோடு இழுங்கள். தடிப்பு வந்த நாளை எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடாகப் போடுங்கள். டாக்டர் சீட்டில் இல்லாததையும் சேர்க்க வேண்டும்: தலைவலிக்குப் போட்ட மாத்திரை, கண் சொட்டு மருந்து, ஸ்கேனுக்கு முன் ஏற்றிய ஊசி, மூலிகைச் சூரணம். "மருந்தே சாப்பிடவில்லை" என்று சொல்பவர்கள் வலி மாத்திரையை மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை.

இந்தத் தாள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். வலிப்புக்காக கார்பமசெபின் தொடங்கி மூன்று வாரம் ஆன ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது. அமாக்ஸிசிலின் கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து, முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டுகிறது. பழி அமாக்ஸிசிலின் மேல் விழுகிறது, ஏனென்றால் அதுதான் கடைசியாக வந்தது. கோடு போட்டுப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். அந்தக் காய்ச்சலே கார்பமசெபின் கிளப்பிய ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். அமாக்ஸிசிலினை மட்டும் நிறுத்திவிட்டு கார்பமசெபினைத் தொடர்ந்தால் அடுத்து ஈரல் பாதிக்கப்படலாம்.

கால இடைவெளிகள் ஓரளவு உறுதியானவை. மருந்து உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்குள் காணாக்கடி, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்தால் அது உடனடி வகை. பெரும்பாலும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் வழியாக வருவது. அம்மை போல உடம்பெங்கும் பொரியும் சாதாரணத் தடிப்பு, புது மருந்து என்றால் 4 முதல் 14 நாளில் வரும். வாய், கண்ணில் புண்ணோடு மேல்தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கு 4 முதல் 28 நாள். காய்ச்சல், முகவீக்கம், ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் ஏற்றம், ஈரல் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வரும் டிரெஸ் என்ற வகைக்கு 2 முதல் 8 வாரம். சிவந்த தோலில் ஊசிமுனை அளவு சீழ்ப் பொட்டுகள் நூற்றுக்கணக்கில் வரும் ஏஜெப் என்ற வகை, ஓரிரு நாளிலேயே வந்துவிடும். முன்பே ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன மருந்து என்றால் இந்தக் கணக்குகள் எல்லாம் சுருங்கும். இரண்டாம் தடவை தடிப்பு 1 முதல் 3 நாளிலேயே வரலாம்.

தேதி பொருந்திவிட்டதாலேயே மருந்துதான் குற்றவாளி என்றும் முடிவு கட்ட முடியாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலில் அமாக்ஸிசிலின் சாப்பிட்டவர்களுக்குத் தடிப்பு வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். அவர்களில் பலர் பின்னால் அதே மருந்தைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. குழந்தைகளுக்கு வைரஸே தடிப்பைக் கொண்டுவரும், ஆன்டிபயாட்டிக் வெறும் பக்கத்தில் நின்றதற்காகப் பழி சுமக்கும்.

ரத்தப் பரிசோதனை எதற்கு உதவும்?

எல்லோரும் முதலில் கேட்பது இது; குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் மிகக் குறைவாக உதவுவதும் இதுதான். மருந்துக்கு எதிரான ஐஜிஇ ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பெனிசிலின் வகை போன்ற சில மருந்துகளுக்கே கிடைக்கிறது. இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லை என்று வந்தால் ஒவ்வாமை கிடையாது என்று அர்த்தமில்லை. ஏழு நாள் கழித்து வந்த தடிப்புக்கு இந்தச் சோதனையே பொருந்தாது, காரணம் அங்கே வேலை செய்வது ஐஜிஇ அல்ல, டி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள். தூசி, முட்டை, கடலை, பூனை முடி என்று பெரிய பட்டியலாக வரும் "அலர்ஜி பேனல்" மருந்துத் தடிப்பு பற்றி எதுவும் சொல்லாது. அதை எடுக்காமல் இருப்பதே நல்லது. அதில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று பாசிட்டிவ் என்று வந்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவை நிறுத்தியவர்கள் நிறைய.

ரத்தம் உண்மையிலேயே பேசும் இடங்கள் மூன்று. முதலாவது டிரிப்டேஸ்: உடனடி ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் அணுக்களிலிருந்து வெளிவரும் என்சைம். மயக்கம், மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, குறைந்தது ஒரு நாள் கழித்து உடம்பு சரியான பிறகு இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுவார்கள். சாதாரண அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் வரும் எண்ணை முதல் ரத்தம் தாண்டியிருந்தால், மாஸ்ட் அணுக்கள் வெடித்தது உறுதி. எந்த மருந்தால் என்று அது சொல்லாது. ஆனால் "பயத்தில் மயங்கினாரா, ஒவ்வாமையா" என்ற சண்டை அதோடு முடியும். அந்த ரத்தத்தை அப்போது எடுக்கத் தவறினால் அப்புறம் எடுக்கவே முடியாது.

இரண்டாவது, பாதிப்பின் அளவு. டிரெஸ் சந்தேகம் வந்தால் ஈசினோஃபில், ஈரல் என்சைம்கள், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றை ஒரு தடவை பார்த்து விட்டுவிடக் கூடாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் ஏறி இறங்கும் நோய் அது.

மூன்றாவது மரபணு. இது நோய் வந்த பிறகு எடுப்பதைவிட, மருந்து தொடங்கும் முன் எடுத்தால்தான் பலன். எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரும் ஆபத்து மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். அபாகவிர் என்ற எச்ஐவி மருந்துக்கு எச்எல்ஏ-பி 57:01 பார்த்துவிட்டுக் கொடுத்தால் அந்த ஒவ்வாமையை ஏறக்குறைய ஒழித்துவிடலாம் என்பது 2008-ல் பெரிய ஆய்வொன்றில் உறுதியானது. யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினாலுக்கு எச்எல்ஏ-பி 58:01. இந்த மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் உண்மை. எனவே தடிப்பு வந்தவரிடம் இதை எடுத்து "பாசிட்டிவ், அதனால் இந்த மருந்துதான்" என்று முடிவு சொல்வது சரியல்ல.

தோலில் செய்யும் சோதனைகள்: குத்துவதா, ஒட்டுவதா?

உடனடி வகை என்றால் குத்த வேண்டும். முதலில் தோல் மேல் வைத்த மருந்துச் சொட்டில் லேசாகக் குத்தும் பிரிக் டெஸ்ட், அது நெகட்டிவ் என்றால் தோலுக்குள் சொட்டளவு மருந்தை ஏற்றும் சோதனை. 15, 20 நிமிடத்தில் தடித்தால் பாசிட்டிவ். பெனிசிலின் வகைக்கும், மயக்க மருந்தோடு கொடுக்கும் தசை தளர்த்திகளுக்கும் இது நல்ல சோதனை. முன்னால் ஏறக்குறைய ஒரு வாரம் அலர்ஜி மாத்திரை நிறுத்தியிருக்க வேண்டும். நேற்று ராத்திரி செட்ரிசின் போட்டுவிட்டு வந்தால் சோதனை பொய் சொல்லும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளில் பெரும்பாலும் இது பயன்படாது. பல பேருக்கு அவற்றால் வரும் வீக்கம் ஐஜிஇ வழியே வருவதில்லை. அந்த மாத்திரைகள் காக்ஸ்-1 என்சைமைத் தடுப்பதால் வருவது. அதனால்தான் ஒரு வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு வேதி அமைப்பில் சம்பந்தமே இல்லாத இன்னொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது.

தாமதமாக வரும் வகைக்கு ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசெஃப் யாடசோன் 1895-ல் தொடங்கி வைத்த முறை. அடிப்படை இன்னும் மாறவில்லை. மாத்திரையின் மேல் பூச்சை நீக்கி, உரலில் பொடித்து, வாசலினில் நூற்றுக்கு முப்பது பங்கு வீதம் குழைப்பார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய கிண்ணங்கள் வரிசையாக உள்ள டேப்பில் அதை நிரப்பி, மேல்முதுகில் ஒட்டி, ஓரத்தில் பேனாவால் குறியிடுவார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வேர்க்கும் வேலை கூடாது. பிரித்ததும் உடனே பார்க்க மாட்டார்கள். டேப் பிய்த்த சிவப்பு அடங்கக் கொஞ்ச நேரம் விடுவார்கள். அப்புறம் நான்காம் நாள் வாக்கில் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும், சில சமயம் ஏழாம் நாளும். வெறும் சிவப்பு போதாது. விரலை ஓட்டினால் தடிப்பு தட்டுப்பட வேண்டும், சிறு பொரிகள் இருக்க வேண்டும். வெறும் எரிச்சலாக இருந்தால் இரண்டாவது தடவை பார்க்கும்போது மங்கியிருக்கும். ஒவ்வாமை என்றால் அப்படியே நிற்கும், பல சமயம் கூடும். இரண்டாம் பார்வைக்கு வராமல் விடுபவர்கள் சோதனையின் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

இதில் மருந்துக்கு மருந்து வித்தியாசம் அதிகம். கார்பமசெபினுக்கு நன்றாகப் பிடிக்கும். அலோபியூரினாலுக்கு ஏறக்குறைய எப்போதும் நெகட்டிவ்தான் வரும், அது குற்றவாளியாகவே இருந்தாலும். டிரெஸ், ஏஜெப் வகைகளில் பலன் பரவாயில்லை, ஸ்டீவன்ஸ்-ஜான்சனில் குறைவு. தடிப்பு அடங்கிக் குறைந்தது ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும், டிரெஸ் என்றால் ஆறு மாதம்.

ஒட்டும் சோதனை தனித்து நிற்கும் ஒரு இடம் உண்டு. சிலருக்கு உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ வட்டமாக ஒரு திட்டு ஊதா நிறத்தில் எழும்பி, ஆறி, சாம்பல் கலந்த கறுப்புத் தழும்பாகத் தங்கும். மாதங்கள் கழித்து அதே மாத்திரையைப் போட்டால் சில மணி நேரத்தில் அதே வட்டம் அரித்துச் சிவக்கும், கூடவே புதிதாக ஒன்றிரண்டு சேரும். இதற்கு முதுகின் நல்ல தோலில் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. பழைய தழும்பின் மேலேயே ஒட்ட வேண்டும், ஏனென்றால் அந்த மருந்தை நினைவு வைத்திருக்கும் டி அணுக்கள் அந்த வட்டத்துக்குள்ளேயே குடியிருக்கின்றன. பிறப்புறுப்பில் வரும் இந்தத் திட்டைப் பாலியல் நோய் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்கள் உண்டு. குற்றவாளி ஒரு ஆன்டிபயாட்டிக்காக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயாப்ஸி

பயாப்ஸி பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: துணுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எந்த மருந்து என்று தெரிந்துவிடும் என்று. தெரியாது. அம்மை போன்ற சாதாரணத் தடிப்பில் மருந்தா வைரஸா என்று பிரிக்கக்கூடப் பல சமயம் அதால் முடிவதில்லை. ஈசினோஃபில் தெரிந்தால் மருந்து என்பதெல்லாம் உறுதியான விதி இல்லை.

அது பதில் சொல்லும் கேள்வி வேறு: இது மருந்துத் தடிப்புதானா, இல்லை வேறு நோயா? தோல் உரியும் ஒருவரிடம் இதன் மதிப்பு மிகப் பெரிது. ஸ்டாஃபைலோகாக்கஸ் நச்சால் உரியும் தோலில் பிளவு மேல்தோலின் மேல் அடுக்கிலேயே இருக்கும். மருந்தால் வரும் நச்சுத் தோல் உரிதலில் மேல்தோல் முழுத் தடிமனும் இறந்து அடியோடு பிரியும். முதலாவதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், இரண்டாவதில் அந்த ஆன்டிபயாட்டிக்கே காரணமாக இருக்கலாம். உறையவைத்து வெட்டிப் பார்த்தால் சில மணி நேரத்திலேயே பதில் கிடைக்கும்.

கொப்புள நோய் சந்தேகம் இருந்தால் இரண்டு துணுக்குகள் எடுக்கச் சொல்ல வேண்டும். ஒன்று ஃபார்மலினில், இன்னொன்று கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து, தோலில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு, அதற்குரிய வேறு திரவத்தில். இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் இரண்டாவது பாழ், மறுபடி ஊசி, மறுபடி தையல். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குவதால் கொப்புளம் வரும் பெம்பிகஸ், புல்லஸ் பெம்பிகாய்டு எல்லாம் இப்படித்தான் பிடிபடும். வயதானவருக்கு மாதக்கணக்கில் அரிப்பு, பிறகு கெட்டியான கொப்புளங்கள் என்றால், சர்க்கரைக்கு அவர் கிளிப்டின் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். புல்லஸ் பெம்பிகாய்டை அது தூண்டிவிடுவது தெரிந்த விஷயம். இங்கே நான் முன்பு சொன்ன தேதிக் கணக்கு பொருந்தாது, மாத்திரை தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட வரும்.

வருஷக்கணக்கில் களிம்புக்கு அடங்காத "எக்ஸிமா"விலும் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்ஃபோமா (ஒரு வகைப் புற்றுநோய்) அப்படித்தான் வேஷம் போடும், முதல் பயாப்ஸியில் பிடிபடாமலும் போகும். அதற்கு முன் தோலைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஸ்டீராய்டு களிம்பு பூசிப் பூசி அடையாளம் தெரியாமல் மாறிய படர்தாமரையை ஐந்து நிமிட மைக்ரோஸ்கோப் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுபடி கொடுத்துப் பார்ப்பது

கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளுமா" என்ற கேள்விக்கு இருப்பதிலேயே உறுதியான பதில் இதுதான். மருத்துவமனையில், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சிறு அளவில் தொடங்கி முழு அளவு வரை கொடுத்துக் கவனிப்பார்கள்.

பெனிசிலின்தான் இதற்குச் சிறந்த உதாரணம். பல நாடுகளில் பத்தில் ஒருவருக்கு "பெனிசிலின் அலர்ஜி" என்று கோப்பில் எழுதியிருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பலர் சிறு வயதில் வந்த ஏதோ ஒரு தடிப்புக்காக முத்திரை குத்தப்பட்டவர்கள். உண்மையான ஐஜிஇ வகைகூடப் பத்து வருஷத்தில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். பென்-ஃபாஸ்ட் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது: கடந்த ஐந்து வருஷத்துக்குள் வந்ததா (2), மயக்கமோ வீக்கமோ தீவிரத் தோல் பாதிப்போ இருந்ததா (2), சிகிச்சை தேவைப்பட்டதா (1). கூட்டுத்தொகை 3-க்குக் குறைவு என்றால் உண்மையான ஒவ்வாமைக்கு 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் நடந்து 2023-ல் வெளியான பேலஸ் ஆய்வில் இப்படிப்பட்டவர்களில் ஒரு குழுவுக்குத் தோல் சோதனை எதுவும் இல்லாமல் நேரடியாக மாத்திரை கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்குச் சோதித்த பிறகு கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் பாசிட்டிவ் ஆனவர் தலா ஒருவர்தான். எனவே மதிப்பெண் குறைவாக உள்ளவர்களுக்கு ஊசிச் சோதனையைத் தாண்டி நேராக மாத்திரைக்குப் போவதே என் தேர்வு. மதிப்பெண் அதிகம் என்றால் ஊசிச் சோதனை முதலில்.

ஆனால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், நச்சுத் தோல் உரிதல், டிரெஸ், ஏஜெப் இவற்றில் ஏதாவது வந்திருந்தால் அந்த மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. பழைய நோய் எது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டாலும், வாயில் புண், தோல் உரிதல், ஈரல் பாதிப்பு என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தால் இந்த வழியை மூடிவிட வேண்டும். வீட்டில் தாங்களே "ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று செய்வதும் எந்த வகையிலும் சரியல்ல.

சிகிச்சையிலும் இதே குழப்பம்

சாதாரணத் தடிப்புக்கு மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு களிம்பும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தோல் உதிர்ந்து சரியாகும். வேறு மாற்றே இல்லாத மருந்து என்றால், ஆபத்து அறிகுறி ஏதும் இல்லாதபோது கண்காணிப்போடு தொடர்வதும் உண்டு. டிரெஸில் உள்ளுறுப்பு பாதித்திருந்தால் ஸ்டீராய்டு மாத்திரையே பரவலான வழி. அதை மெதுவாக, வாரங்கள் முதல் மாதங்கள் வரை எடுத்துக் குறைக்க வேண்டும். சீக்கிரம் குறைத்தால் நோய் திரும்பும்.

தோல் உரியும் வகையில்தான் விவாதம் அதிகம். உடம்பின் 10 சதவீதத்துக்குக் குறைவாக உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், 30-ஐத் தாண்டினால் நச்சுத் தோல் உரிதல். பின்னதில் மூன்றில் ஒருவர் வரை இறக்கக்கூடும். எல்லோரும் ஒப்புக்கொள்வது, காரணமான மருந்தை உடனே நிறுத்துவதும், தீக்காயப் பிரிவு போன்ற இடத்தில் திரவம், வெப்பம், காயப் பராமரிப்பும், முதல் நாளிலிருந்தே கண் மருத்துவரும். அதற்கு மேல் ஸ்டீராய்டா, இம்யூனோகுளோபுலினா, சைக்ளோஸ்போரினா, எட்டனர்செப்டா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 2024-ல் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையை அடக்கும் ஜேஏகே தடுப்பு மருந்துகளால் ஏழு நோயாளிகள் குணமான செய்தி வந்தது. நம்பிக்கை தருகிறது, ஆனால் ஏழு பேர்தான். இந்த நோயில் அவசரம் என்ன செய்யும் என்பதற்கு 1998-ல் வெளியான தாலிடோமைடு ஆய்வு இருக்கிறது. கோட்பாட்டளவில் உதவ வேண்டிய அந்த மருந்தைப் பெற்ற 12 பேரில் 10 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை பெற்ற 10 பேரில் 3 பேர். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். எனக்கு இன்று ஒரு தேர்வு சொல்லச் சொன்னால், எந்த ஊசி என்பதைவிட எந்த மருத்துவமனையில் இந்த நோயைப் பார்த்துப் பழகிய நர்ஸுகள் இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்வேன்.

உடனடி வகை ஒவ்வாமை உறுதியாகி, அந்த மருந்தைத் தவிர வழியில்லை என்றால் டீசென்சிடைசேஷன் உண்டு: மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, சில மணி நேரத்தில் முழு அளவுக்கு ஏற்றுவது. கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் இருந்து பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதபோது இதைத்தான் செய்கிறார்கள். இது ஒவ்வாமையைக் குணமாக்காது. மருந்தைத் தொடர்ந்து எடுக்கும்வரைதான் பாதுகாப்பு. நடுவில் ஓரிரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோல் உரியும் வகைக்கு இதுவும் கூடாது.

எந்த வழியில் போனாலும் முடிவில் எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "பெனிசிலின் அலர்ஜி" என்ற இரண்டு சொல் போதாது. மருந்தின் வேதிப் பெயர், தொடங்கி எத்தனையாவது நாளில் என்ன வந்தது, போட்டோ இருந்தால் அது, என்ன சோதனை செய்தார்கள், எவற்றைத் தவிர்க்க வேண்டும், அதோடு எவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்ற பட்டியல். சோதனையில் ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தால், பழைய கோப்பில் உள்ள வரியை அடித்துத் திருத்தச் சொல்லி நேரில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த அட்மிஷனில் அதே வரி மறுபடி காப்பி ஆகும்.